நோர்வே உறைபனியும் எங்கள் மார்கழியும்

இன்று காலை மகளின் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மார்கழி முடியும்வரை அவளைக் காலை விளையாட்டுக்கு வெளியே விடவேண்டாம் என்று சொல்லத்தான்.

தலைமை ஆசிரியை சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். நோர்வேப் பள்ளிக்கூடமாம். முழங்காலளவு உறைபனியில் பிள்ளைகள் காலில் பலகை கட்டிச் சறுக்குகிறார்கள். சிலர் அந்தப் பனியிலேயே குந்தியிருந்து பாண் தின்கிறார்கள்.

"உதுகளுக்குத் தாய் தகப்பன் இல்லையோ, அம்மா?"

"இருக்கினம், ஐயா. அவைதான் அனுப்பினவை."

போன மார்கழியில் மூத்தவளைச் சளிக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன் நான்.  அந்தப் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன்.

"அப்பு, நானும் விளையாடப் போகட்டே?" என்றாள் பக்கத்தில் நின்ற சின்னவள்.

தலையாட்டியிருக்கிறேன் போலும். கழுத்துச் சால்வையை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள்.

இப்போது மத்தியானம், நல்ல வெயில். சால்வையை என் கழுத்தில் சுற்றியிருக்கிறேன். வாசிகசாலையில் இதை வாசிக்கும் தகப்பன்மாரே, நீங்களென்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?