ரயில் இல்லாத நேரம்

நளீமுக்குத் தங்கச்சி நுஸ்லா மேல் பதினான்கு வருஷக் கோபம் ஒன்று இருந்தது. அவனுடைய கலியாணத்துக்கு அவள் வரவில்லை. நோயில்லை, சாவு மௌத்தில்லை, வெளிநாட்டிலும் இல்லை. கண்டியில் கணக்கியல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். நிக்காஹ் முடிந்து, சோறு முடிந்து, சஹன் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்த பிறகு பஸ்ஸில் வந்து இறங்கினாள். "எப்படி செஞ்ச?" என்று வாப்பா கேட்டது பரீட்சையைத்தான். கூடப்பிறந்த ஒரே ஆள் இல்லாமல் மாப்பிள்ளையாக உட்கார்ந்தவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்வீட்டார் மட்டும் கேட்டார்கள். அவன் பெண்சாதி றம்லா இன்றைக்கும் கேட்கிறாள்.

நளீம் ஆறாம் வகுப்போடு சீவுளியைப் பிடித்தவன். குடியிருப்பது பல்லேபொலவில். மரவேலைப் பட்டறை உக்குவளையில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நுஸ்லாவின் வீடு. பின்கதவைத் திறந்தால் பத்தடியில் தண்டவாளம். அவள் புருஷன் ஸக்கரியா கட்டாரில் லொறி ஓட்டுகிறான். பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் றுஸ்திக்கு எட்டு வயது, சின்னவன் ஹுஸ்னிக்கு நாலு.

நுஸ்லா ஒன்றை ஏற்றுக்கொண்டால் விடமாட்டாள். சின்ன வயதில் காய்ச்சலோடு குர்ஆன் ஓதப் போய், ஓதி முடித்துவிட்டுத்தான் மயங்கி விழுந்தாள். மாத்தளை டவுனில் ஒரு கந்தோரில் வேலை பார்த்தவள், ஹுஸ்னி பிறந்ததும் விட்டுவிட்டு, கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினாள். வெளிநாட்டில் சாமான் வாங்கியவர்கள், வரவில்லை, உடைந்திருக்கிறது என்று டெலிபோனில் கோல் எடுத்து ஏசுவார்கள். அந்த ஏச்சு வந்து சேருகிற இடம் உக்குவளையில் அவளுடைய சாப்பாட்டு மேசை.

"ஒரு நாளைக்கு நாப்பது பேர் ஏசணும் காக்கா. முப்பத்தெட்டுப் பேர் ஏசினா நான் சோம்பேறி" என்றாள் ஒருநாள். நளீமுக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தில் இருக்கிறவன் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டான்.

கம்பியூட்டர் மூலையில் பச்சையாக ஒரு புள்ளி இருக்கும். ஐந்து நிமிஷம் கை படாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். மஞ்சளானது கொழும்பில் தெரியும். கோலில் பின்னால் பிள்ளைச் சத்தம் கேட்டால் அதுவும் ஒரு குறை. ரயில் சத்தம் கேட்டால் இன்னொரு குறை.

கம்பனியில் அவளுக்கு மேலே இருந்த துஷாரா என்ற பெண்ணோடு நுஸ்லா இதை ஸ்பீக்கரில் பேசிய அன்று, நளீம் அவள் வீட்டு ஜன்னலுக்குப் பிணைச்சல் மாற்றிக்கொண்டு நின்றான்.

"பிள்ளைங்க இருக்கிறவங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியும் நுஸ்லா. உங்களுக்கு ஏத்த மாதிரி நேரத்த மாத்திக்கங்க."

"நேரம் சரி மிஸ். நாப்பத முப்பதாக்க ஏலாதா?"



"நேரத்த மாத்திக்கலாம்னுதான் சொன்னேன்."

நுஸ்லா நேரத்தை மாற்றினாள். ரயில் வருகிற நேரங்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். ரயில் நேரத்தில் கோல் இல்லை. சோறு, குளிப்பு, பாடம். ரயில் போனதும் பின்கதவு திறக்கும், பிள்ளைகள் தண்டவாளத்துக்குப் போவார்கள், அவள் கோல் எடுப்பாள். அடுத்த ரயிலுக்குக் கால் மணிக்கு முன்னால் றுஸ்தி தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அவன் கையில் மணிக்கூடு கட்டியிருந்தாள்.

பாதையோரத்தில் இதை யாரும் தப்பென்று சொல்லவில்லை. அங்கே எல்லாருக்கும் தண்டவாளம்தான் முற்றம். கராம்பு காயப்போடுவதும் அங்கேதான், கடைக்கு நடப்பதும் அதிலேதான். ரயில் நேரம் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று பெருமை பேசுவார்கள்.

நளீம் பட்டறையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பிள்ளைகளை றம்லாவிடம் விடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டில் ஒருதரம் பேச்செடுத்தான்.

"என்ட கலியாணத்துக்கு ஒரு நாள் வர ஏலாதவளுக்கு நான் நாள் முழுக்கப் பிள்ள பார்க்கணுமா?" என்றாள் றம்லா.

அதற்கு மேல் அவன் பேசவில்லை. பேசாததற்கு றம்லா மட்டும் காரணமில்லை. அவள் சொன்னது அவனுக்கும் நியாயமாகப் பட்டது.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. கண்டிப் பக்கம் மண் சரிந்து ரயில் நின்றது. பள்ளிக்கூடமும் மூடினார்கள். நுஸ்லாவுக்குச் சுவர்த் தாள் தேவையில்லாமல் போனது. காலையில் திறந்த பின்கதவு அந்தியில்தான் மூடியது. அந்த வாரங்களில் நாற்பது கோல் தவறாமல் முடித்தாள். துஷாரா பாராட்டி, நாற்பத்தைந்தாக்கினாள்.

தண்டவாளத்தின் பளபளப்புப் போய்ச் செந்தூள் படிந்தது. சல்லிக்கல்லுக்கிடையில் புல் வந்தது. ஹுஸ்னி நடுவில் வாழை இலை விரித்துக் கடை வைத்தான். சில பகல்களில் அந்தக் கடையிலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போவான். றுஸ்தி மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டான். நளீமும் அந்தப் பக்கம் காது கொடுப்பதை விட்டிருந்தான். அவனுக்கு ஏனோ அந்த அமைதி பிடிக்கவில்லை. நல்ல மரத்தில் அறுக்கிற வாள் தானாக நின்றால், உள்ளே ஆணி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அந்த மாதிரி ஒரு அமைதி.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணியிருக்கும். பட்டறையில் பியூஸ் போய் மெஷின் நின்றது. நின்றதால்தான் கேட்டது. வளைவுக்கு அப்பால் இஞ்சின் சத்தம். திருத்திய பாதையைப் பார்க்க, கல் ஏற்றிய பெட்டி ஒன்றோடு தனி இஞ்சின் வந்துகொண்டிருந்தது. றுஸ்தி ஓரத்தில் நின்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். ஹுஸ்னி வாழை இலை மேல் குப்புறப் படுத்துத் தூங்கினான்.

நளீம் ஓடியது அவனுக்கு ஞாபகமில்லை. பிள்ளையின் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்ததும், இரண்டு பேருமாக ஓரத்துத் தண்ணிக் கானுக்குள் விழுந்ததும் ஞாபகமிருக்கிறது. இஞ்சின் வாழை இலையைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. ஒருவன் இறங்கி வந்து சிங்களத்தில் ஏசினான். 

நளீம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் போனான். நுஸ்லா தலையில் ஹெட்போனை மாட்டி, இங்கிலிஷில் யாரிடமோ மெதுவாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். சேறும் இரத்தமுமாக நின்ற இருவரையும் பார்த்தாள். வெளியே நின்ற இஞ்சினையும் பார்த்தாள்.  ஒரு கை நீண்டு வந்து ஹுஸ்னியின் காலைப் பிடித்துக்கொண்டது. மற்றக் கை மவுஸில் இருந்தது. குரல் மட்டும் மாறவேயில்லை. கடைசியில் நன்றி சொல்லி, கோலை முடித்துவிட்டுத்தான் நடுங்கத் தொடங்கினாள்.

"கோல வெச்சிட்டு எழும்பி வர ஏலாதா உனக்கு?"

"ஒழுங்கா முடிச்சாத்தான் ஒண்டா எண்ணுவாங்க காக்கா."

நளீம் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். பதினான்கு வருஷமாக அவளுக்கென்று வைத்திருந்த ஏச்செல்லாம் தொண்டை வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போனது.

"ரெண்டு பேரையும் பல்லேபொலக்குக் கூட்டிப் போறேன். றம்லாக்கு நான் செல்லிக்கிறேன்."

"வேணாம். மதினிட வாயில நான் விழுந்தது போதும், என்ட பிள்ளைகளும் விழ வேணாம்."

"அப்ப இந்த வேலய விடு."

"விட்டா திரும்ப எடுக்க மாட்டாங்க."

அவள் ஹுஸ்னியின் முகத்தைத் துடைத்து, முழங்காலுக்கு மருந்து பூசினாள். புள்ளி மஞ்சளாகியிருந்தது. போகிற போக்கில் மவுஸைத் தொட்டாள்; பச்சையானது. சின்ன அறைக்குள் பாய் விரித்தாள். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், மூத்திரச் சட்டி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தாள். ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தாள். பரீட்சைக்குப் போகிறவள் பேனை, அழிறப்பர் பார்த்து வைப்பதுபோல அத்தனை ஒழுங்காகச் செய்தாள். ஹுஸ்னி அதைப் பார்த்துக்கொண்டே விரலைச் சூப்பினான்.

"பூட்டி வெக்கப் போறியா?"

"ரயிலுக்குக் குடுக்கிறத விட இது நல்லம்."



நுஸ்லா அந்தக் கதவைச் சாத்தி, உள்ளங்கையால் மேலே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இதில வெளிப்பக்கமா ஒரு கொண்டி போட்டுத் தாங்க காக்கா, ரெண்டு மணிக்கு நான் திரும்பக் கோல் எடுக்க முந்தி. உசரமாப் போடுங்க. தம்பி அழுதா றுஸ்தி திறந்து விட்டுடுவான்."