முழம் கேட்கும் பெட்டி

கணினியில் வீட்டுப் படம் வரைவது என் பிழைப்பு என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் முழக்கணக்கில் அளவு சொல்வதால், படம் வரையும் மென்பொருளுக்குள் நானே ஒரு சின்ன அளவுக் கருவி எழுதி வைத்திருந்தேன். ஒருவருடைய முழம் எத்தனை அங்குலம் என்று திரையில் வரும் பெட்டியில் போட்டால், மிச்சத்தை அதுவே அடிக்கணக்காக்கிவிடும். பெருமையாகத்தான் இருந்தது, இன்று காலை வரை.

கரடியனாற்றிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருக்கும் ஒருவர், கல்லடியில் என் கடைக்கு வந்தார். உடைந்த வீட்டுக்கு நட்டஈடு கேட்டு விண்ணப்பம் போடப் படம் வேண்டுமாம். போய் அளக்க வழியில்லை. ஆனால் அளவு மனப்பாடம்.

"நீளம் இருவத்திரெண்டு முழம், அகலம் பதினாலு."

அளவுநாடாவை எடுத்து, "கைய நீட்டுங்க ஐயா" என்றேன்.

"என்ட கை இல்ல மனே. மகளுக்குச் சீதனமாக் கட்டின வீடு. அவட முழத்தாலதான் அத்திவாரம் அளந்த."

"அப்ப நாளைக்கு அவவக் கூட்டிக்கொண்டு வாங்களன்."

"செல் குண்டு விழக்க அவதான் வீட்டுக்க நிண்டவ."

தன் இடது கையை நீட்டி, நடுவிரலில் ஓரிடத்தைத் தொட்டு, "அவட கை இதுவரைக்கும் வரும்" என்றார். பிறகு உள்ளங்கைக்கு இறக்கினார். மறுபடி ஏற்றினார்.

பெட்டியை வெறுமையாக விட்டால் என் கருவி அடுத்த படிக்குப் போகாது. பிழை வரக்கூடாதென்று அப்படி எழுதியவன் நான்தான்.

ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுவிடு என்பவர்கள், எந்த எண் என்றும் கீழே பின்னூட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.