பின்வரிசை மூக்குத்தி

படம் பிடிக்கிற தொழிலில் இருப்பவன் சாமி பேரைவிட அதிக தடவை சொல்கிற வார்த்தை "ஆடாதீங்க" என்பதுதான். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, வேர்த்து வடிந்தபடி, வெளியே நிற்கிற இருபது பேரும் ஒரே சமயத்தில் சும்மா இருக்க வேண்டுமே என்று தவித்தவர்கள் நாம். படம் மங்கினால் "நீங்க ஆடிட்டீங்க" என்று சொல்லித் தப்பித்தவர்களும் நாம்தான். எனக்கு இப்போது ஆம்பூரில் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. அதற்கு முன்னால் தோல் கிடங்கில் தரம் பிரிக்கிறவனாக இருந்தேன். அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தது அந்த ஒரு வார்த்தையால்தான்.

தங்கை கல்யாணப் படம்

என் தங்கை கல்யாணத்துக்கு வேலூரிலிருந்து ஒரு படக்காரரை வரவழைத்தோம். அன்றைக்கு மழை மூட்டம். இருக்கிற வெளிச்சமும் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று மனிதர் பறந்தார். பெண், மாப்பிள்ளை, பெரியவர்கள் எல்லாம் நாற்காலியில். அவர்களுக்குப் பின்னால் ஆண்கள். அதற்கும் பின்னால் பெஞ்சு போட்டு, அதன்மேல் வீட்டுப் பெண்கள். என் மனைவி மரகதம் அடுப்படியிலிருந்து கடைசி ஆளாக ஓடிவந்து பெஞ்சில் ஏறினாள். எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்றரை வருஷம். அவள் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. பேசும்போதுகூடக் கையில் எதையாவது எடுப்பதும் வைப்பதுமாகவே இருப்பாள்.

படம் வந்தது. மாப்பிள்ளையின் கோட்டுப் பொத்தான்களை எண்ணலாம், அத்தனை சுத்தம். பின்வரிசைப் பெண்கள் எல்லோருமே மங்கல்தான். ஆனால் நான் தேடியது ஒரு முகத்தைத்தானே! அந்த இடத்தில் புடவை கட்டின புகை ஒன்று நின்றிருந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு நிமிஷம் சும்மா நிக்கத் தெரியாதா உனக்கு? ஆடி ஆடிப் படத்தையே கெடுத்து வச்சிருக்கே" என்று அத்தனை பேர் எதிரிலும் கத்தினேன். அவள் படத்தை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். திரும்பி வந்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நான் ஆடவே இல்லீங்க. மூச்சுகூட வுடல."

மருந்து தேடிப் போன கதை

அடுத்த கார்த்திகையில் காய்ச்சல் வந்து ஒன்பதே நாளில் மரகதம் போய்விட்டாள். அவளுக்கு வேறு படம் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். பொங்கல் கழியட்டும், ஆடி கழியட்டும் என்று தள்ளிப்போட்டவன் நான்தான்.

கொஞ்ச நாளில் அவள் முகம் எனக்கு மறக்க ஆரம்பித்தது. குரல் ஞாபகம் இருந்தது, நடை ஞாபகம் இருந்தது, சோற்றைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் பார்க்கிற பழக்கம்கூட ஞாபகம் இருந்தது. முகத்தை நினைத்தால் மட்டும் அந்தப் புகைதான் வந்து நின்றது. வேலூரில் ஒருவர் சனிக்கிழமைகளில் படம் பிடிக்கக் கற்றுத் தருகிறார் என்று கேள்விப்பட்டேன். மங்கின படத்தைத் தெளிவாக்க ஏதாவது மருந்து இருக்காதா என்ற ஆசையில் கிடங்கில் அரை நாள் லீவு கேட்டு ரயிலேறினேன்.

அங்கே கற்றுத் தந்த தேவசகாயம் மாஸ்டர் என்னைவிட ஆறு வயது சின்னவர். வகுப்பில் நானும் கவுஸ் என்கிற எங்கள் ஊர் தோல் வியாபாரி மகனும் இரண்டே பேர். எதற்காகக் கற்றுக்கொள்ள வந்தீர்கள் என்று மாஸ்டர் கேட்டார். தன் வீட்டுப் பெண்களை வெளி ஆள் படம் எடுக்கக் கூடாது, அதனால் தானே கற்றுக்கொள்ள வந்ததாகக் கவுஸ் சொன்னார். எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தொழிலுக்காக என்றேன். மாஸ்டர் மூக்கை லேசாக உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "தோல் கிடங்குங்களா? கவலப்படாதீங்க. நம்ம படம் கழுவுற மருந்து ரூம்ல நாலு நாள் நின்னா அந்த நாத்தம் போய், இந்த நாத்தம் வந்துடும்."

நெமிலிக்காரர் மீசை

நான் தனியாக எடுத்த முதல் படம் நெமிலிப் பக்கத்து விவசாயி ஒருவருடையது. மகனுக்கு அனுப்ப வேண்டும் என்று வண்டி கட்டிக்கொண்டு மாஸ்டரிடம் வந்திருந்தார். மீசை என்றால் மீசை, இரண்டு பக்கமும் முறுக்கி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் அவர் தலைகீழாகத் தெரிந்ததில் எனக்குப் பிடி கிடைத்தது அந்த மீசை ஒன்றுதான். அது தெளிவாகத் தெரிகிற வரை லென்ஸை நகர்த்தி அதிலேயே குறி வைத்தேன். வெளிச்சம் போதாது என்று லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து எடுத்துவிட்டேன். மீசையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக விழுந்திருந்தது. கண்ணும் காதும் கரைந்துபோயிருந்தன. "நீங்க ஆடிட்டீங்க" என்று நானும் தொழில் வார்த்தையை எடுத்து விட்டேன். பெரியவர் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்தும் பார்த்தார். "மீச என்னுதுதான். மூஞ்சி யாருது?"

ஒன்பது தோல்

அந்த மீசைக்குப் பிறகுதான் மாஸ்டர் எங்களுக்கு ஆழம் என்றால் என்ன என்று சொல்லித் தந்தார். பாடம் நடந்தது எங்கள் ஊரில், கவுஸ் வீட்டுத் தோல் காயப்போடுகிற கொட்டகையில்; அதற்காக மாஸ்டரே ரயிலேறி வந்தார். ஒன்றன்பின் ஒன்றாக, சற்றுச் சற்று விலக்கி, ஒன்பது தோலைத் தொங்கவிட்டு, சாக்கட்டியால் ஒன்று முதல் ஒன்பது வரை எழுதினோம். மூன்றாவது தோலில் குறி. முதல் பிளேட்டுக்கு லென்ஸின் வாயை அகலத் திறந்தார் மாஸ்டர். வெளிச்சம் நிறைய வரும், சட்டென்று முடிந்துவிடும். ஆனால் குறி வைத்த இடத்துக்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்ச தூரம்தான் தெளிவாக விழும். இரண்டாவது பிளேட்டுக்கு வாயைச் சுருக்கினார். தெளிவு பின்னால் வெகுதூரம் போகும், பதிலுக்கு நேரம் கேட்கும். பன்னிரண்டு எண்ணுகிறவரை திறந்து வைத்திருந்தோம்.

கழுவிப் பார்த்தால் முதல் படத்தில் மூன்றாம் எண் பளிச்சென்று இருந்தது, எட்டும் ஒன்பதும் பஞ்சாகிவிட்டன. இரண்டாவதில் ஒன்பதில் எட்டு எண்கள் தெளிவு. ஐந்தாம் தோல் மட்டும் காற்றில் அசைந்ததில் அதன் எண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. மாஸ்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஆடி மங்கினது கோடாக இழுக்கும், ஆழம் எட்டாமல் மங்கினது நாலு பக்கமும் சமமாகப் பூக்கும் என்றார். அதற்கு மேல் மாஸ்டர் சொன்னது எதுவும் எனக்குக் காதில் விழவில்லை. தோலில் கீறல் எது, பூச்சி கடித்தது எது என்று தினம் பிரித்துப் போடுகிறவனுக்கு இந்த வித்தியாசம் புரிய எவ்வளவு நேரமாகும்? நான் தங்கை கல்யாணப் படத்தை நினைத்துக்கொண்டிருக்க, கவுஸ் தன் பாட்டுக்குப் புலம்பினார்: "பெரிய ஓட்டைன்னா தூரம் கெடுக்குது, சின்ன ஓட்டைன்னா காத்து கெடுக்குது. பேஜார் புடிச்ச தொழிலா இருக்குதே மாஸ்டர்."

பூதக்கண்ணாடி

அடுத்த சனிக்கிழமை தங்கை கல்யாணப் படத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். கவுஸ் போகிறவரை காத்திருந்து மாஸ்டர் முன்னால் வைத்தேன். பின்வரிசையைத் தொட்டு, இது என் சம்சாரம், இப்போது இல்லை, இந்த முகத்தைத் தெளிவாக்க முடியுமா என்று கேட்டேன். நான் வகுப்பில் சேர்ந்த காரணம் அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். பிளேட்டில் விழாததைக் கொண்டுவர மருந்து கிடையாது என்றார். பென்சில் வைத்துக் கண் மூக்கு எழுதலாம், ஆனால் அது வேறு யாரோ ஒரு பெண்ணாக இருக்கும், உங்கள் சம்சாரமாக இருக்காது என்றார்.

நான் எழுந்துவிட்டேன். அவர் உட்காரச் சொல்லிப் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். புகைக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அவள் மூக்குத்தியில் பட்ட வெளிச்சம். கடுகில் பாதிகூட இராது, ஆனால் அச்சு வைத்த மாதிரி வட்டமாக இருந்தது. அவளுக்கு வலப்பக்கம் நின்ற பெண்ணின் தோடு கோடாக நீண்டிருந்தது. இடப்பக்கத்துப் பெண்ணுக்கும் அப்படியே. அதை விரலால் காட்டிவிட்டு மாஸ்டர் சொன்னார்: "அந்தப் படக்காரர் தெளிவ மாப்பிள்ளையோட நிறுத்திக்கிட்டாரு. அந்த பெஞ்சுல ஆடாம நின்னது உங்க வீட்டம்மா ஒருத்தங்கதான்."

வாலாஜாபேட்டைக் கல்யாணம்

ரயிலில் திரும்பும்போது அழுதேன். எதிரில் இருந்தவர் கரித்தூள் கண்ணில் விழுந்துவிட்டதா என்று கேட்டார், ஆமாம் என்றேன். அவள் சொன்னபோது நம்பியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? இனி யாரிடம் போய்ச் சொல்வது? கிடங்கு வேலையை விட்டுவிட்டு ஸ்டூடியோ வைத்தது அதற்கடுத்த வருஷம். அன்றிலிருந்து கூட்டமாக நிற்கிற எந்தப் படத்தையும் லென்ஸின் வாயைச் சுருக்கித்தான் எடுக்கிறேன். நேரம் பிடிக்கும், முன்வரிசைக்காரர்கள் முனகுவார்கள். முனகட்டும்.

வாலாஜாபேட்டையில் ஒரு கல்யாணம். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண் கடைசியில் ஓடிவந்து பின்வரிசையில் சேர்ந்துகொண்டாள். நான் எட்டு எண்ணி முடிப்பதற்குள், நடு நாற்காலியில் இருந்த, கல்யாணப் பெண்ணின் பெரியப்பா ஒரு ஈயை விரட்டினார். படத்தில் அவருக்கு மூன்று மூக்கு. பந்தி பரிமாறின பெண்ணுக்கோ நெற்றிப் பொட்டு வரை பளிச்சென்று விழுந்திருந்தது. பெரியப்பா படத்தோடு நேரே என் ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். "நாற்காலில குந்தினவன் மங்கிட்டேன், பந்தி போட்டவ பளிச்சுனு இருக்கா. இன்னாய்யா நியாயம் இது?"

அவருக்கு வேறு படம் எடுத்துக் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் தங்கை கல்யாணப் படத்தைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வைத்து அந்தப் புள்ளியைப் பார்த்தேன். மரகதத்தின் முகம் எனக்கு இன்னும் வரவில்லை, இனி வராது என்றும் தெரியும். புள்ளி மட்டும் அப்படியே வட்டமாக இருக்கிறது. ஊரில் உள்ளவர்களை எல்லாம் "ஆடாதீங்க" என்று அதட்டிப் பிழைக்கிற நான், சொல்லாமலேயே ஆடாமல் நின்ற ஒருத்தியைத்தான் ஆடினாய் என்று திட்டியிருக்கிறேன்.