கீறல் விழாத தலைக்கவசம்

வெள்ளைத் துணி விரித்த மேசையில் அந்தக் கறுப்புத் தலைக்கவசத்தை வைத்தவன் நான்தான். சென்ற மாதம் இணுவிலில், பாடசாலை மைதானமொன்றில் எங்கள் சனசமூக நிலையம் நடத்திய வீதிப் பாதுகாப்புக் கண்காட்சி அது. வைத்த பிறகு ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. கண்ணாடிகூட மங்கவில்லை. விபத்தில் இறந்தபோது ஒரு மனிதர் அணிந்திருந்த கவசம் இப்படியா இருக்கும்? அன்று மைதானத்துக்கு வந்த அத்தனை பேரில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அதில் எனக்கு ஆறுதலும் இருந்தது, எரிச்சலும் இருந்தது.

நான் வேலை பார்த்த கூட்டுறவுச் சங்கக் கிளையின் மனேஜர் அவர். ஊர் முழுக்க அவரை மனேஜர் என்றே சொல்லும். வீடு உடுவிலில். காலை எட்டு மணிக்குச் சங்க வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்போது, இடப்பக்கக் கண்ணாடியில் தலைக்கவசம் வார் பூட்டியபடி தொங்கும். போட்டால் தலை அவிகிறது என்பார். "உது பொலிசுக்கு வாங்கினது ஐசே, தலைக்கில்லை" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு அது, பார்த்தவன் கோபிக்க முடியாது. ஆனால் மனைவிக்கு மட்டும் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தார். வீட்டுப் படலையில் தலைக்கு ஏறும் கவசம் ஒழுங்கையின் முதல் திருப்பத்தில் கண்ணாடிக்கு இறங்கிவிடும்.

எங்கள் பக்கத்து வீதிகளில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் பொலிஸ் நின்றால், அதைக் கடந்து வருகிறவன் எதிரே வருகிறவனுக்கு இரண்டு தரம் லைற் அடித்துக் காட்டுவான். முன்பின் தெரியாதவனுக்கும் அடிப்போம். காணி எல்லையில் நாலு விரற்கடைக்காக வழக்குப் பேசுகிற நாங்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி ஒற்றுமை. அந்த லைற்றைக் கண்டவன் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொள்வான். ஒருநாள் நான் ஏதோ யோசனையில் அடிக்காமல் வந்துவிட்டேன். எதிரே வந்த மனேஜர் பிடிபட்டார். "உமக்குக் கண்ணிருக்கு, லைற்றிருக்கு, மனம் ஒண்டுதான் இல்லை" என்றவர், ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் ஒருநாளும் தவறவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை காலை. சங்க வேலையாக நான் உடுவில் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். சந்தியில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். அவர்களைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் எதிரே மனேஜர் வந்தார். கவசம் வழக்கம்போலக் கண்ணாடியில். இரண்டு தரம் அடித்தேன். இடது கையை உயர்த்தி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்குப் பரீட்சையில் பாஸானதுபோல ஒரு சந்தோசம். என் கண்ணாடியில் பார்த்தபோது அவருடைய தலை குனிந்திருந்தது. வார் பூட்டியிருந்தால் கவசம் தலைக்கு ஏறாது, ஓடிக்கொண்டே அதை ஒரு கையால் திறக்கவும் முடியாது. அதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். நான் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டேன். வீதியோரம் தோட்டத்துக் கோவா மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் நின்றதும், அதன் பெட்டியில் அவர் போய் மோதியதும் பத்து மணிக்குத்தான் எனக்குத் தெரிய வந்தன. கவசம் தள்ளிப் புல்லுக்குள் கிடந்ததாம்.

"போட்டுக்கொண்டுதான் போனவர், கழண்டு பறந்திட்டுது" என்று செத்தவீட்டில் அக்கா வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். மனேஜரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதை மறுத்து நான் என்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் லைற் அடித்தவன் நான் என்பது மட்டுமா வெளியே வரும்? சத்தியத்தை அவர் தினமும் முதல் திருப்பத்திலேயே மீறினார் என்பதும் வரும். நல்ல சாட்டு. அதைச் சொல்லிச் சொல்லியே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டேன்.

கண்காட்சியில் அக்கா ஒலிவாங்கியைப் பிடித்து இரண்டு நிமிடம் பேசினார். சுண்ணாம்புக் கோட்டில் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்று கேட்டார்கள். "அவர் போட்டிருந்தவர். வாரை இறுக்கிப் பூட்டுங்கோ" என்று முடித்தார். பின்னேரம் வாசலில் மோட்டார் சைக்கிள்களை ஒழுங்குபடுத்தியபடி நின்றபோது ஒருவன் மற்றவனிடம் சொன்னது காதில் விழுந்தது. "போட்டும்தானே மச்சான் செத்தவர். பிறகேன் உதைப் போடவேணும்?" வாசலில் பொலிஸ் நின்றதால் எல்லோரும் கவசத்தோடுதான் வெளியே போனார்கள். கோயில் திருப்பத்தில் அந்த இருவரும் கழற்றிக் கண்ணாடியில் கொழுவியதை நான் நின்று பார்த்தேன். ஒரு நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியதன் பலன் அவ்வளவுதான். எங்களை யாரும் திருத்தப்போவதில்லை. திருத்தக்கூடிய ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது, அதை நான் விழுங்கிக்கொண்டேன்.

கவசத்தைத் திருப்பிக் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டுக் கவசத்தை மடியில் வைத்துத் தடவினார்.

"தம்பி, உதிலை ஒரு கீறல் கண்டனீங்களோ?"

"இல்லை அக்கா."

"எனக்கு அண்டைக்கே தெரியும், அவர் போட்டிருக்கேல்லை எண்டு. தகப்பன் பொய் சொன்னவர் எண்டு பிள்ளையள் நினைக்கக்கூடாதெண்டுதான் அப்பிடிச் சொன்னனான். பிறகு அதுவே நிலைச்சுப்போச்சு."

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சந்தியிலை பொலிஸ் நிண்டதாம். ஆரோ லைற் அடிச்சிருக்கினம். ஆரெண்டு தெரிஞ்சாலும் சண்டைக்குப் போகமாட்டன் தம்பி. அந்த நேரம் அவர் சிரிச்சவரோ எண்டு மட்டும் கேப்பன். காலமை என்னோடை கொளுவிப்போட்டு, முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு போன மனிசன். அந்த முகத்தோடையே போயிட்டாரோ எண்டதுதான் என்னைத் தின்னுது."

"அவர் சிரிச்சவர் அக்கா, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சவர்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அது ஆரெண்டு இனி எப்பிடிக் கண்டுபிடிக்கிறது அக்கா" என்றுதான் வந்தது.

"ஓம், அதுவும் சரிதான்" என்றார். பிறகு கவசத்தை என்னிடமே நீட்டினார். வீட்டில் கிடந்தால் பிள்ளைகள் எடுத்து எடுத்துப் பார்க்கிறார்களாம், ஒருநாள் அவர்களும் அதே கேள்வியைக் கேட்பார்களாம். "நீங்களே வைச்சிருங்கோ. அடுத்த வருசமும் தேவைப்படுமெல்லோ" என்றார்.

என் கவசம் தலையில் இருந்தது. அவருடையதை இடப்பக்கக் கண்ணாடியில் கொழுவிக்கொண்டு புறப்பட்டேன். பெரிய வீதிக்கு ஏறியதும் எதிரே வந்த யாரோ ஒருவன் இரண்டு தரம் லைற் அடித்தான். என் இடது கை தானாகவே உயர்ந்தது. அவனைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தேன். கண்ணாடியில் மனேஜரின் கவசம், வார் பூட்டியபடி, ஆடிக்கொண்டிருந்தது.