மூளைக்குள் இடம் பார்க்கும் மருந்து

அறையில் இருந்தது என் சம்சாரம். நான். ஊசி போடுகிற நர்ஸம்மா. மெஷின் பார்க்கிறவர், உளுந்தூர்பேட்டைக்காரர். டாக்டரம்மா. அவ்வளவு பேர்தான்.

என் சம்சாரம் கல்வராயன் மலைக்காரி. சாமைக் காட்டில் நின்று கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் திரும்பிப் பார்ப்பார்கள். கட்டிக்கொண்டு வடக்கனந்தல் வந்த பிறகும் அந்தக் குரல் குறையவில்லை. இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. சண்டை இல்லை, சாவு இல்லை. சோறு ஆக்குவாள், மரவள்ளிக்குக் களை எடுப்பாள், கேட்டால் 'ம்' என்பாள். கள்ளக்குறிச்சி டாக்டர் மனச்சோர்வு என்றார். மாத்திரை ஆரம்பிக்கும் முன்னால் ஆராய்ச்சிக்கு ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். பட்டணத்துக்கு வந்தோம்.

படத்துக்காக ஊசியில் ஏற்றுகிற மருந்து பக்கத்துக் கட்டடத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் கதிர்வீச்சு இருபது நிமிஷத்தில் பாதியாகிவிடுமாம்.

"அது உள்ள போயி இன்னாங்க பண்ணும்?" என்றேன்.

டாக்டரம்மா செரோடோனின் என்று ஏதோ சொன்னார். அதைத் திரும்ப உள்ளே இழுக்கிற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதாம். எனக்குப் பிடிபடவில்லை.

"பஸ்ஸு சீட்டு மாதிரிங்க," என்றார் மெஷின்காரர். "அந்தப் புரதம்தான் சீட்டு. மருந்து அதுல போயி உக்காரும். உக்காந்த எடம் படத்துல வெளிச்சமாத் தெரியும். மாத்திரை தின்னுக்கினு வந்தா, அது முன்னாலயே துண்டு போட்டுடும். மருந்துக்கு எடம் கம்மியாப் பூடும்."

படுத்திருந்தவள் வாயைத் திறந்தாள்.

"இவரு போட்டா துண்டுதான் போவும்."

கல்யாணமான புதிதில் கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ்ஸுக்குள் துண்டை எறிந்தேன். நான் ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. துண்டு மலைக்குப் போனது. அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் அவள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் சொல்லு," என்றேன். "இன்னும் ரெண்டு திட்டு."

அதற்குள் மருந்து வந்துவிட்டது. தலை அசையக்கூடாது, பேசக்கூடாது என்றார்கள். என்னை வெளியே அனுப்பினார்கள்.

முடித்து வந்தவளிடம் பசிக்கிறதா என்றேன். 'ம்' என்றாள்.

டாக்டரம்மாவிடம் போனேன். "எடம் இருக்குதுங்களா? பழையபடி பேசுவாளா?"

"மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம். ஆனா ஒருத்தர் படத்தை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுங்க. நாற்பது பேராவது வேணும்."

"இதுவரைக்கும் எத்தினி பேருங்க?"

"அம்மாவோட சேர்த்து," என்றார், "ஏழு."