மேகலா டீச்சரும் புங்கந்தளிரும்

மேகலா டீச்சர் போய்விட்டார்.

காலையில் போன் வந்தது. 

பழைய பிள்ளைகளுக்குத் தெரியும். நம் ஸ்கூலில் நான் பி.டி. வாத்தியார். விசில் ஊதினால் உத்திரமேரூர் ஏரியில் அலை எழும்பும். அவர் தாவரவியல் டீச்சர்.

அவருக்கு லூபஸ். கொஞ்ச நேரம் வெயில் பட்டாலே முகம் சிவந்து தடித்துவிடும், மூட்டெல்லாம் வீங்கிவிடும். காலையில் வாலாஜாபாத்திலிருந்து தெற்கே வரும்போதும் சாயங்காலம் வடக்கே திரும்பும்போதும் பஸ்ஸில் டிரைவர் பக்கத்து வரிசைதான். இரண்டு வேளையும் அந்தப் பக்கம் வெயில் வராதாம். சூரியனுக்கே டைம்டேபிள் போட்டு வைத்திருந்த ஒரே பெண்மணி!

ஒருநாள் லேபுக்குக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னார்.

"இன்னா தெரியுது சார்?"

"ஒரு பேரரசே தெரியுது டீச்சர். கோட்டை, கொத்தளம், மேல கண்ணாடிக் கூரை!"

சிரித்தார். "புங்கந்தளிரு சார் அது. அந்தக் கண்ணாடிதான் மேல்தோல் செல்லு. வெளிச்சத்த உள்ள வுட்டுடும், எரிக்கிறத மட்டும் புடிச்சி நிறுத்திடும். தளிருக்கு அதுவும் பத்தாதுன்னு செவப்புச் சாயம் வேற பூசிக்கினு கீது."

கண்ணாடி ஸ்லைடை எடுத்துத் துடைத்தபடி, "எனக்குதான் சார் இந்தத் தோலு குடுக்கல."



காலை பிரேயர் மைதானத்தில்தான். பாட்டு முடியும்வரை குடையை விரிக்க மாட்டார். உள்ளே இருங்கள் என்றாலும் கேட்க மாட்டார். "புள்ளைங்க வெயில்ல நிக்கச் சொல்ல நான் மட்டும் ஃபேனுக்கு அடியில உக்காரணுமா?"

அதைச் சொன்ன மறுநாளே மொத்த ஸ்கூலையும் திருப்பி நிறுத்தினேன். மைதானத்து ஓரப் புங்கமர நிழல் எங்கே விழுகிறதோ அங்கே டீச்சர்கள் வரிசை. மாசத்துக்கு மாசம் நிழல் நகரும்... என் ராஜ்ஜியமும் கூடவே நகரும்.

"இன்னா சார், போன மாசம் கெயக்க பாத்து நின்னாங்க, இந்த மாசம் வடக்க பாத்து நிக்கிறாங்க?" என்றார் ஹெச்.எம்.

"வாஸ்து சார்" என்றேன்.

டீச்சர் ஒரே ஒருநாள் பக்கத்தில் வந்து, "கொடிக்கம்பத்த எப்ப சார் நவுத்தப் போறீங்க?"

அந்த லூபஸிலேயே கடைசியில் கிட்னியும் போய்விட்டது...

இன்று உச்சி வெயிலில்தான் எடுத்தார்கள். வண்டிக்கு மேலே கூரை இல்லை. முகத்தில் நேராக வெயில்.

அவருடைய கறுப்புக் குடை வாசலிலேயே மாட்டியிருந்தது. எடுத்து விரித்தேன்.

"இன்னா சார்... இனிமே அவங்கள வெயிலு இன்னா பண்ணும்?" என்றார் அவருடைய அண்ணன்.

சுடுகாடு வரை பிடித்துக்கொண்டே நடந்தேன்.

நிழலிலேயே போங்க டீச்சர்.