எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று தட்டினேன்

என் மகனுக்குத் தசைச் சிதைவு நோய் என்று ஐந்து வயதில் தெரிந்தது. கால்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் இழக்கும், பிறகு சக்கர நாற்காலி வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். வீடு திரும்பும்போதே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். கால் கைவிட்டால் படிப்பு இவனைக் காப்பாற்றும்.

அதனால் தெப்ராவில் இருக்கும் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்ததும் அவனைப் படிக்க உட்கார வைத்துவிடுவேன். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வந்த பிறகும் வாய்ப்பாடு அவனிடம் தங்கவில்லை. “பைய எடு, கணக்குப் புத்தகத்த வெளிய வை, நேத்து போட்ட பக்கத்த திற” என்பேன். பையை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். திரும்பக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், பென்சிலை வீசுவான். ஒருநாள் பொறுக்காமல் மேசையை ஓங்கி அடித்தேன். அவன் பயந்து நாற்காலியிலிருந்து எழப் பார்த்தான். எழ முடியவில்லை. என் மனைவி வந்து தூக்கிக்கொண்டு போனாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கிளினிக்கிலிருந்து எங்கள் இருவர் போனுக்கும் தனித்தனியாக ஒரு லிங்க் வந்தது. இந்த நோயுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பிலோ நடத்தையிலோ சிரமம் இருக்கிறதா என்று கேட்கும் கேள்விகள். அடுத்த சந்திப்புக்கு முன் நிரப்பி அனுப்ப வேண்டும். நான் சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனில் உட்கார்ந்து பார்த்தேன். சொன்னதை மறந்துவிடுகிறானா? சின்ன விஷயத்துக்குக் கோபப்படுகிறானா? மற்ற பிள்ளைகளோடு சேரச் சிரமப்படுகிறானா? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று தட்டினேன். தட்டில் இருந்த மீ கோரெங் நூடுல்ஸ் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. உடம்புக்குத்தான் ஒரு நோயின் பேரைச் சொல்லிவிட்டார்கள், தலைக்கும் ஒன்று வேண்டாம் என்று நினைத்தேன்.

கிளினிக்கில் இருந்த உளவியலாளர் தமிழ்ப்பெண், என்னைவிட வயதில் சின்னவர். இரண்டு பேர் பதிலையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பாதிக்கு மேல் ‘அடிக்கடி’ என்று மனைவி போட்டிருந்தாள்.

“ரெண்டு பேரும் ஒரே பிள்ளையப் பத்தித்தானே எழுதுனீங்க, அண்ணே?” என்று மெதுவாகக் கேட்டார்.

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மகனிடம் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார். நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். அது சில எண்களைச் சொல்லும், அதே வரிசையில் அவன் தட்ட வேண்டும். மூன்று எண் வரை சரியாகத் தட்டினான். நான்கு வந்ததும் முதல் இரண்டைத் தட்டிவிட்டு நின்றுவிட்டான். அடுத்த முறையும் அப்படித்தான். உடனே திரும்பி என் கைகளைப் பார்த்தான். அடிப்பேனோ என்ற பயம் அவன் முகத்தில் இருந்தது. நான் கைகளை மடியில் கோத்துக்கொண்டேன்.

அடுத்தது, துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டு. எனக்குப் படம் பிடிபடுவதற்கு முன்பே அவன் முடித்துவிட்டான்.

“இந்த நோயில தசைக்கு ஒரு புரதம் கிடைக்காம போகுது. அந்தப் புரதம் மூளைக்கும் தேவைப்படுது, அண்ணே. அதனால இந்தப் பிள்ளைங்கள்ல சில பேருக்கு, காதால கேட்டத மனசுல பிடிச்சு வைக்கக் கஷ்டம். பிடிவாதம் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. இது முதல் கட்டம்தான், முழுசா சோதிச்சாத்தான் உறுதியா சொல்லலாம். ஆனா கால் மாதிரி இது மோசமாகிட்டே போகாது. உதவி செஞ்சா முன்னேறுவான்” என்றார்.

“என் பதில மாத்தி எழுதலாமா?” என்று கேட்டேன்.

இந்த முறை அரைமணி நேரம் ஆனது. சந்தேகம் வந்த இடத்தில் மனைவியிடம் கேட்டேன். அவள் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் பின்னால் திரும்பி மகனிடம் சொன்னேன். “அப்பா கத்துனது தப்புடா. உனக்கு மறந்துபோகுதுன்னு எனக்குத் தெரியல.”

“நான் சொன்னேன்லா, பா.”

“எப்ப?”

“நிறைய தடவ. நீங்க பொய்னு சொல்லிட்டீங்க.”

குற்றம் சொல்வதுபோல அவன் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, இறக்கிவிடச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினான். அவனைத் தூக்கியவன் உள்ளே போகும்வரை இறக்கவே இல்லை.

பிறகு செய்த முழுச் சோதனையும் உளவியலாளர் சொன்னதையேதான் சொன்னது. அறிக்கையைப் பள்ளிக்குக் கொடுத்தோம். வகுப்பாசிரியை அவனை முன்வரிசைக்கு மாற்றினார், செய்ய வேண்டியதைச் சின்னச் சின்னப் படமாக அட்டையில் வரைந்து மேசையில் ஒட்டினார். வீட்டில் நானும் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறேன். எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆறாம் வாய்ப்பாடு இன்னும் பாதியில்தான் நிற்கிறது, பென்சில் சில நாள் பறக்கத்தான் செய்கிறது.

போன வாரம் ஒரு பயிற்சித் தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். முன்பெல்லாம் தப்பு நிறைந்த தாள்களை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைப்பான் என்று மனைவி பிறகுதான் சொன்னாள். பத்தில் நான்கு தப்பு. நான் கையெழுத்துப் போடும்வரை என் தோளில் சாய்ந்து நின்றுகொண்டு, எதெல்லாம் எப்படித் தப்பாகப் போனது என்று ஒவ்வொன்றாக எனக்கு விளக்கினான்.